டர்ன் பேஸ்டு கேம்ல தளபதி யூனிட் டிசைன் பண்றது எப்படி: சும்மா +10% போட்டா தளபதி ஆயிடாது

டர்ன் பேஸ்டுன்னா ஆளுக்கு ஒரு முறைன்னு மாத்தி மாத்தி ஆடற கேம், யூனிட்னா அதுல நகத்தற ஒரு படைக்காய். முதல்ல ஒரு சின்ன சோதனை, இதை செஞ்சுட்டு அப்புறமா மிச்சத்தை படிங்க. உங்க கேம்ல தளபதி இருக்கற ஏதாவது ஒரு சண்டையை எடுத்துக்கோங்க, தளபதியை மட்டும் மேப்ல இருந்து தூக்கிடுங்க, அதே சண்டையை திரும்ப ஆடிப் பாருங்க. மத்த யூனிட் எல்லாம் முன்ன எங்க நின்னுச்சோ அங்கயேதான் நிக்குது, முன்ன யாரை அடிச்சுச்சோ அவனையேதான் அடிக்குதுன்னா, உங்ககிட்ட இருந்தது தளபதியே இல்ல, குதிரை மேல உக்காந்துட்டு இருந்த ஒரு பர்சன்டேஜ்.

நான் செஞ்ச மொத ஹெக்ஸ் கேம் (அறுகோணக் கட்டம் போட்ட மேப்) இந்த சோதனையில ரெண்டு தடவை தோத்துச்சு. மொத தடவை தளபதிக்கு ஹெச்பி (உயிர் அளவு) ரெண்டு மடங்கு, அட்டாக் ரெண்டு மடங்குன்னு குடுத்து விட்டேன், ஆடிப் பார்த்த பசங்க எல்லாரும் அவரை வெச்சே எதிரியோட முன்வரிசையை ஒடச்சாங்க, சிப்பாய்ங்க பின்னாடி வேடிக்கை பார்த்துட்டு நின்னுச்சுங்க. தீனி போட்டு வளத்த சிப்பாய், அவ்ளோதான். ரெண்டாவது தடவை அதுக்கு நேர் எதிரா போய், தளபதி உயிரோட இருக்கற வரைக்கும் மொத்த படைக்கும் +10% டேமேஜ்னு வெச்சேன். எல்லாரும் அவரை மேப்போட ஒரு மூலையில கொண்டு போய் நிறுத்திட்டு மறந்தே போயிட்டாங்க, ஒருத்தன் "இந்தாளு எதுக்குடா இருக்காரு"ன்னே கேட்டான். மூணாவது தடவைதான் புரிஞ்சுது, தளபதி யூனிட்டுக்கு இருக்கற ஒரே வேலை ஒவ்வொரு டர்ன்லயும் ஆடறவரை "இவரை இப்ப எங்க நிறுத்தறது"ன்னு தலையை சொறிய வைக்கறதுதான். கீழ எழுதியிருக்கறது எல்லாமே அந்த தலை சொறியலை எப்படி வரவைக்கறதுன்னுதான்.

ஆளு எங்க இருக்காரு?

ஸ்டாட்ஸ் எழுதறதுக்கு முன்னாடியே இதை முடிவு பண்ணிடுங்க, பின்னாடி மாத்தணும்னா பாதி கோடை திரும்ப எழுதணும். இதுவரைக்கும் வந்த கேம்களை பார்த்தா நாலு வழிதான் மாத்தி மாத்தி வருது.

ஒண்ணு, தளபதி தனி யூனிட்டா மேப்ல நடக்கறது. சிவிலைசேஷன் (சுருக்கமா சிவ்) 5லயும் 6லயும் இப்படித்தான். அவரு சண்டை போட மாட்டாரு, இன்னொரு படை யூனிட் நிக்கற கட்டத்துலயே சேர்ந்து நின்னுக்கலாம், 2 கட்டத்துக்குள்ள இருக்கற நம்ம ஆளுங்களுக்கு பலம் குடுப்பாரு. சிவ் 5ல கூட நிக்கற காவல் யூனிட்டை எதிரி வெட்டிட்டு கட்டத்துக்குள்ள நுழைஞ்சுட்டா தளபதியும் காலி, அதனாலதான் அங்க அவரை நகத்தும்போது கை கொஞ்சம் நடுங்கும்.

இன்னொண்ணு, ஏதாவது ஒரு யூனிட்டோட ஒட்டிக்கறது. சிவ் 4க்கு 2006ல வந்த வார்லார்ட்ஸ் எக்ஸ்பான்ஷன்ல கிரேட் ஜெனரலை ஒரு யூனிட்ல சேர்த்தா 20 எக்ஸ்பி (அனுபவப் புள்ளி) கிடைக்கும், அந்த கட்டத்துல இருக்கறவங்களுக்குள்ள அது பங்கு போடப்படும், ஜெனரல் சேர்ந்த யூனிட்டுக்கு மட்டும் வேற யாருக்கும் கிடைக்காத சில ப்ரமோஷன் (கூடுதல் திறமை) திறக்கும். டிசைன் பண்ணவங்க மனசுல ஒரு மாவீரன் படைக்கு முன்னாடி போற படம் ஓடியிருக்கும். ஆடினவங்க என்ன செஞ்சாங்க தெரியுமா, ஒண்ணுத்துக்கும் ஆகாத ஒரு மலிவு யூனிட்ல ஜெனரலை ஏத்தி, காயம் ஆத்தற மெடிக் 3 ப்ரமோஷன் எடுத்து, படைக்கு நடுவுல ஒளிச்சு வெச்சு நடமாடும் ஆஸ்பத்திரி ஆக்கிட்டாங்க. அந்த கேம்ல ஒரே கட்டத்துல எத்தனை யூனிட் வேணா நிக்கலாம், அடி வந்தா பலமான யூனிட்தான் முன்ன வந்து வாங்கும், அப்போ நோஞ்சான் யூனிட்தான ரொம்ப சேஃப்? ஆடறவங்க மேல தப்பே இல்ல, ரூல் எங்க சாயுதோ அங்கதான் தண்ணி ஓடும்.

அப்புறம் பொட்டி மாடல், அதாவது தளபதிக்குள்ளயே படை இருக்கும். 1999ல வந்த ஹீரோஸ் ஆஃப் மைட் அண்ட் மேஜிக் 3 தான் இதுக்கு பெரிய அண்ணன், ஒரு ஹீரோ, அவருக்குள்ள 7 ஸ்லாட்ல படை, ஹீரோ நேரா சண்டைக்களத்துல இறங்க மாட்டாரு ஆனா அவரோட அட்டாக்கும் டிஃபென்ஸும் எல்லா படைக்கும் சேர்ந்துக்கும். இதுல ஒரு ஓட்டை இருக்கு. நகர்ற தூரம் ஹீரோவுக்குத்தான், படைக்கு இல்ல, அதனால 2500 தங்கத்துக்கு இன்னும் ரெண்டு மூணு ஹீரோவை வாங்கி வழி நெடுக நிறுத்தி, ரிலே ரேஸ் மாதிரி படையை கைமாத்தி கைமாத்தி ஒரே நாள்ல மேப்போட அந்தப் பக்கம் கொண்டு போயிடலாம். பொட்டி மாடல் எடுக்கறீங்கன்னா, இந்த டர்ன்ல கைமாறின படை மறுபடி நகர முடியாதுன்னு ஒரே ஒரு வரி ரூல் மொத நாளே எழுதி வெச்சுடுங்க. 2025 பிப்ரவரில வந்த சிவ் 7லயும் கமாண்டர் யூனிட்டுகளை உள்ள அடுக்கி தூக்கிட்டு போவாரு, அங்க எக்ஸ்பி சாதா யூனிட்டுக்கு கிடையவே கிடையாது, கமாண்டருக்கு மட்டும்தான். இது எனக்கு ரொம்ப பிடிச்ச முடிவு, இருபது யூனிட்டோட ப்ரமோஷனை பார்த்துட்டு இருக்கற தலைவலி மூணு பேரோட முடிஞ்சுடுது.

கடைசி வழி, ஆளே மேப்ல இல்லாம இருக்கறது. 2001ல வந்த அட்வான்ஸ் வார்ஸ்ல கமாண்டிங் ஆபீசர் ஸ்கிரீனுக்கு வெளியதான், மீட்டர் நிறைஞ்சா பவரை போடலாம். அதே சீரிஸ்ல 2008ல வந்த டேஸ் ஆஃப் ரூயின்ல அவரை ஒரு யூனிட்ல ஏத்தி மேப்லயே இறக்கிட்டாங்க, சுத்தி ஒரு ஏரியாவுக்கு மட்டும் பலம். ரெண்டையும் ஆடிப் பார்த்தா வித்தியாசம் உடம்புலயே தெரியும், முதல்ல சொன்னதுல "எப்போ" மட்டும்தான் கேள்வி, ரெண்டாவதுல "எங்க"ன்னும் ஒரு கேள்வி வந்துடுது.

எனக்கு பிடிச்சது தனி யூனிட் வழிதான், ஆனா மொத கேம் செய்யறவங்க ஒட்டிக்கற வழில ஆரம்பிங்க. காரணம் ஏஐ (கம்ப்யூட்டர் ஆடற எதிராளி), அதுக்கு பின்னாடி வர்றேன்.

ரேடியஸ்: இங்கதான் டிசைன் நடக்குது

பலம் எவ்ளோன்னு எல்லாரும் மணிக்கணக்கா யோசிப்பாங்க, ரேடியஸை, அதாவது பலம் எத்தனை கட்டம் வரைக்கும் எட்டும்ங்கறதை, மட்டும் "2 போட்டுடலாம்"னு கண்ணை மூடிட்டு போட்டுடுவாங்க. உண்மையில தளபதி எங்க நிக்கணும்ங்கற கேள்விக்கு பதில் சொல்றதே ரேடியஸ்தான்.

ஹெக்ஸ் மேப்ல ரேடியஸ் 1னா சுத்தி 6 கட்டம், 2னா 18, 3னா 36. இது பரப்பு, இதை பார்த்து ஏமாந்துடாதீங்க, சண்டை நடக்கறது ஒரு கோட்டுலதான். அதனால கணக்கை வரிசை வரிசையா போடுங்க. ரேடியஸ் 2 தளபதி முன்வரிசையிலயே நின்னா, தன் கட்டத்தையும் சேர்த்து அந்த வரிசையில 5 கட்டத்துக்கு பலம் போகும். ஒரு வரிசை பின்னாடி நின்னா முன்வரிசையில 4 கட்டம். ரெண்டு வரிசை பின்னாடி போனா 3. அதாவது ஒவ்வொரு அடி பின்னாடி வைக்கும்போதும் ஒரு சிப்பாய் பலத்தை இழக்கறான், பயத்துக்கு ஒரு விலை இருக்கு. இப்போ எதிரிகிட்ட 2 கட்டம் சுடற வில்லாளி இருக்கான்னு வைங்க. அவன் நம்ம முன்வரிசைக்கு ஒட்டி வந்து நின்னா, ஒரு வரிசை பின்னாடி இருக்கற தளபதி அவன் வில்லுக்கு எட்டுவாரு, ரெண்டு வரிசை பின்னாடி இருந்தா எட்ட மாட்டாரு. ஆக 4 பேருக்கு பலமும் ஆபத்துமா, இல்ல 3 பேருக்கு பலமும் நிம்மதியுமா? இந்த ஒரு கேள்வி தானா வந்து விழுந்துச்சுன்னா உங்க ரேடியஸ் சரியா இருக்குன்னு அர்த்தம்.

ரேடியஸ் 3 போட்டு பாருங்க, முன்வரிசையில 7, அப்புறம் 6, 5, 4. மூணு வரிசை பின்னாடி ஜாலியா நின்னுட்டே 4 பேருக்கு பலம் குடுக்கலாம், எந்த வில்லும் எட்டாது, அப்போ கேள்வியே செத்துப்போச்சு. ரேடியஸ் 1னா 3, 2, அதுக்கப்புறம் பூஜ்யம், தளபதி சண்டைக்கு மூக்கு உரசற தூரத்துலயேதான் இருக்கணும், அப்படின்னா அவருக்கு சொந்தமா கொஞ்சம் சண்டை போடவும் தெரியணும். பேட்டில் ஃபார் வெஸ்னாத்ங்கற ஹெக்ஸ் கேம்ல லெஃப்டினன்ட் இப்படித்தான், பக்கத்துல ஒட்டி நிக்கறவங்களுக்கு மட்டும்தான் பலம், ஆனா கத்தியும் குறுக்குவில்லும் வெச்சு அவரே சண்டையும் போடுவாரு.

சதுரக் கட்டம் வெச்சு செய்யறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. மூலைவிட்டத்தையும் ஒரு அடியா எண்ணினீங்கன்னா ரேடியஸ் 2 தளபதி முன்வரிசையில நின்னாலும் 5, ஒரு வரிசை பின்னாடியும் 5, ரெண்டு வரிசை பின்னாடியும் 5. பின்னாடி போறதுக்கு விலையே இல்ல, எல்லாரும் கடைசி வரிசையிலதான் நிறுத்துவாங்க. மூலைவிட்டத்தை ரெண்டு அடியா எண்ணுங்க, 5, 3, 1னு ஆயிடும், இப்போ விலை ஹெக்ஸை விடவே கடுமை. நான் இதை கண்டுபிடிக்க ரெண்டு வாரம் ஆச்சு, அதுவரைக்கும் பேலன்ஸ் நம்பர்லதான் ஏதோ தப்புன்னு எக்ஸெல் ஷீட்டை நோண்டிட்டே இருந்தேன்.

எவ்ளோ பலம் குடுக்கறது

தலைப்புல சொன்ன +10% ஏன் வேலை செய்யாதுன்னு பார்ப்போம். யூனிட்டுக்கு 10 ஹெச்பி, ஒரு அடிக்கு 4 டேமேஜ், அப்போ 3 அடில சாவான். 10% ஏத்தினா 4.4, அதை முழு எண்ணா மாத்தினா திரும்பவும் 4. தளபதி இருந்தாலும் 3 அடி, இல்லாட்டியும் 3 அடி. 25% ஏத்தினா 5, இப்போ 2 அடில சாவான், ஆடறவங்களுக்கு பளிச்சுனு தெரியும். பர்சன்டேஜ் பெரிசா சின்னதாங்கறது கேள்வியே இல்ல, எத்தனை அடில சாவாங்கற எண்ணிக்கை மாறுதாங்கறதுதான் கேள்வி. பேப்பரை எடுத்து உங்க கேம்ல அடிக்கடி மோதிக்கற நாலு ஜோடி யூனிட்டை எழுதி, தளபதி இல்லாம எத்தனை அடி, தளபதியோட எத்தனை அடின்னு போட்டுப் பாருங்க. நாலுல ஒண்ணு கூட மாறலன்னா உங்க பலம் வெறும் அலங்காரம். நாலுமே மாறுச்சுன்னா அது ரொம்ப அதிகம், தளபதி இல்லாதவன் ஆடவே வேண்டாம். ரெண்டு மூணு மாறினா நல்ல இடத்துல இருக்கீங்க.

சிவ் 6ல இந்த கணக்கு எவ்ளோ அழகா உக்காந்திருக்குன்னு பாருங்க. அங்க தளபதி தர்றது வெறும் +5 பலம். 30, 40ன்னு பலம் இருக்கற யூனிட்டுகளுக்கு 5 எந்த மூலைக்குன்னு தோணும். ஆனா அந்த கேம்ல டேமேஜ் ரெண்டு பேரோட பலத்துக்கு நடுவுல இருக்கற வித்தியாசத்தை வெச்சு எக்ஸ்பொனென்ஷியலா (மடங்கு மடங்கா) ஏறும், சம பலம்னா சராசரியா 30 டேமேஜ், எல்லாருக்கும் ஹெச்பி 100. சமமா மோதினா ரெண்டு பேருமே 4 அடில சாவாங்க. ஒருத்தனுக்கு +5 வந்தா அவன் அடிக்கறது சுமார் 36.6, வாங்கறது சுமார் 24.6. அப்போ அவன் 3 அடில முடிச்சுடுவான், அவனை முடிக்க 5 அடி வேணும். ஒரு சின்ன 5, 4க்கு 4ன்னு இருந்ததை 3க்கு 5ன்னு ஆக்கிடுச்சு. டேமேஜ்ல கொஞ்சம் லக்கும் கலந்திருக்கு, அதனால எப்பவும் அப்படியே நடக்காது, நாலாவது அடியில தப்பிக்கறதே மயிரிழைலதான்.

அதே தளபதி நகர்ற தூரத்துலயும் +1 தர்றாரு. சாதாரணமா 2 நகர்ற காலாட்படைக்கு அது பாதிக்குப் பாதி கூடுதல். என்னைக் கேட்டா இதுதான் பெரிய பரிசு. ஏன்னா ரெண்டு பக்கமும் தளபதி இருந்தா +5ம் +5ம் கழிஞ்சு போய் திரும்ப 30க்கு 30 ஆயிடும், ரெண்டு பேரும் செலவு பண்ணினது வீண். நகர்ற தூரம் அப்படி கழியாது, ரெண்டு படையும் வேகமா ஓடினா சண்டையோட ரூபமே மாறும். அதனால உங்க தளபதிக்கு குறைஞ்சது ஒரு பலமாவது எதிராளி தளபதியால கழிக்க முடியாததா இருக்கட்டும்: வேகம், பார்வை தூரம், மலை ஆறு தாண்டறது, காயம் ஆத்தறது, இப்படி ஏதாவது.

இன்னொரு விஷயம் வெஸ்னாத்ல இருந்து திருடிக்கோங்க, அது ஓபன் சோர்ஸ்தான், கோடு எல்லாருக்கும் திறந்தே கிடக்கு, யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. லெஃப்டினன்ட் லெவல் 2. அவரு பக்கத்துல நிக்கற ஆளு அவரை விட எத்தனை லெவல் கம்மியோ, ஒரு லெவலுக்கு 25% டேமேஜ் கூடும். லெவல் 1 ஆளுக்கு 25%, லெவல் 0 விவசாயிக்கு 50%, லெவல் 2 ஆளுக்கு ஒண்ணும் இல்ல. பாருங்க, தளபதி யாரை வளத்து விடறாரோ அவன் வளந்ததும் தளபதி அவனுக்கு தேவையில்லாம போயிடறாரு. கேம் நீள நீள பலம் தானா சுருங்குது, தனியா ஒரு பேலன்ஸ் ரூலும் வேண்டாம். அப்போ அவரும் ஜெனரலா லெவல் 3க்கு ஏறணும், இல்லன்னா புதுசா வந்த பசங்க பக்கம் போய் நிக்கணும். ரெண்டு தலைவர்கள் பக்கத்துல நின்னா பலம் கூட்டப்படாது, பெரிசு மட்டும்தான் எண்ணப்படும், இதையும் மறக்காம எடுத்துக்கோங்க. பலம் கூடிக்கிட்டே போற மாதிரி விட்டீங்கன்னா எவனாவது ஒருத்தன் ஆறு தளபதியை ஒரே இடத்துல குவிச்சு உங்க கேமை ஒடச்சுடுவான், அவன் வருவான், நிச்சயம் வருவான்.

தளபதி எங்கிருந்து வர்றாரு

ஜெயிச்சா தளபதி கிடைப்பாருன்னு வைக்கறதுதான் எல்லாருக்கும் முதல்ல தோணற யோசனை. 2001ல வந்த சிவ் 3ல எலீட் யூனிட் ஒரு சண்டை ஜெயிச்சா 16ல் 1 வாய்ப்பு, தலைவர் வருவாரு, அவரை வெச்சு மூணு யூனிட்டை ஒரே படையா கட்டலாம். வந்தா குஷியாத்தான் இருக்கும், ஆனா யாருக்கு வருது? ஏற்கனவே ஜெயிச்சுட்டு இருக்கறவனுக்கு. இருக்கறவனுக்கே மேல மேல குவியும், தோக்கறவன் கேமை மூடிட்டு போயிடுவான்.

அட்வான்ஸ் வார்ஸ் மீட்டரை இங்கதான் ஞாபகம் வெச்சுக்கணும், அது அடிச்சாலும் நிறையும், அடி வாங்கினாலும் நிறையும். நான் என் கேம்ல தளபதி பாயின்ட்டை கொன்னதுக்கு குடுக்காம, நம்ம எல்லைக்குள்ள நடந்த சண்டைக்கு ரெண்டு மடங்குன்னு வெச்சேன், படையெடுத்து போறவனை விட தடுக்கறவனுக்கு சீக்கிரம் தளபதி வர ஆரம்பிச்சாரு, கேம் கடைசி வரைக்கும் இழுத்துச்சு. சிவ் 6 வேற மாதிரி, என்கேம்ப்மென்ட் டிஸ்ட்ரிக்ட் (படை முகாம்) கட்டினா ஒவ்வொரு டர்னும் பாயின்ட் சேரும், உலகத்துல இருக்கற எல்லாரும் அதே தளபதிக்கு போட்டி போடுவாங்க. கூடவே ஒவ்வொரு தளபதியும் தன் காலத்து யூனிட், அதுக்கு அடுத்த காலத்து யூனிட் இவங்களுக்கு மட்டும்தான் பலம் தருவாரு, அப்புறம் காலாவதி. காலாவதி தேதி இருந்தா ஆடறவன் தளபதியை பெட்டகத்துல வெக்காம பயன்படுத்தித்தான் ஆகணும், இது சின்ன விஷயமா தெரியும், இல்ல.

2021ல வந்த ஓல்ட் வேர்ல்ட் போன வழி இன்னும் நல்லா இருக்கும். அங்க ஜெனரல்னு தனியா யாரும் முளைக்க மாட்டாங்க, அரசவையில இருக்கற ஆட்கள்தான் ஜெனரலா போவாங்க, அதே ஆளு ஊரை நிர்வாகம் பண்ற கவர்னராவும் ஆகியிருக்கலாம், ரெண்டுல ஒண்ணுதான். வயசாகும், செத்தும் போவாங்க. தளபதிக்கு தங்கத்துல விலை வைக்கறதை விட இந்த மாதிரி இன்னொரு நாற்காலியை காலி பண்ணி விலை வைக்கறது நூறு மடங்கு நல்லா வலிக்கும். வெஸ்னாத்லயும் இதே வலிதான் வேற உருவத்துல: தலைவர் கோட்டையில இருந்தாத்தான் புது ஆள் சேர்க்க முடியும், ஆனா அவரு பலசாலி, முன்வரிசையில அவரு வேணும். நான் ஆடின ஆட்டங்கள்ல பாதி இந்த ரெண்டுக்கும் நடுவுல நடந்து நடந்தே தோத்தது.

செத்தா என்ன ஆகும்

இதை கடைசியா யோசிக்காதீங்க. சாவுக்கு நீங்க வைக்கற விலைதான் அவரு எங்க நிப்பாருன்னு முடிவு பண்ணும், ரேடியஸ் கூட அதுக்கப்புறம்தான்.

செத்தா கேம் முடிஞ்சுதுன்னு வெச்சா, அது சதுரங்க ராஜா. ராஜாவை யாரும் பத்தாவது மூவ்ல நடுக்களத்துக்கு கொண்டு வர மாட்டாங்க, கோட்டை கட்டி மூலையில உக்கார வெப்பாங்க. ஃபயர் எம்ப்ளம் சீரிஸ்ல லார்ட், அதாவது கதாநாயகத் தளபதி, செத்தா ஆட்டம் அங்கயே முடிஞ்சுது, ஆனா நெறைய மேப்ல கடைசி வாசலை பிடிக்க அவரேதான் போகணும், அதனால ஒளிஞ்சுக்கவும் முடியாது. இந்த ரெண்டாவது பாதியை விட்டுட்டு முதல் பாதியை மட்டும் காப்பி அடிக்கற கேம்கள் ஏகப்பட்டது. சிவ் மாதிரியே இருக்கற ஓபன் சோர்ஸ் கேம் ஃப்ரீசிவ்ல யூனிட்டுக்கு கேம்லாஸ்னு ஒரு ஃபிளாக் வைக்கலாம், அந்த யூனிட் செத்தா அந்த ஆட்டக்காரர் அவுட். ரூல்செட் மாத்தி விளையாடிப் பாருங்க, எல்லாரும் தலைவரை தலைநகரத்துல பூட்டி வெச்சுடுவாங்க.

ஒண்ணுமே ஆகாதுன்னு வெச்சாலும் தப்பு. சிவ் 6ல எதிரி தளபதி மேல வந்து ஏறினா அவரு செத்துப்போக மாட்டாரு, பக்கத்துல இருக்கற நம்ம நகரத்துக்கு போயிடுவாரு. சரிதான், கோவம் வராது, ஆனா பயமும் வராது. சிவ் 7ல கமாண்டர் விழுந்தா சில டர்ன் கழிச்சு ப்ரமோஷனோட திரும்ப வருவாரு, அந்த சில டர்ன் நடு யுத்தத்துல விழுந்துச்சுன்னா நல்லா வலிக்கும். என் ருசிக்கு இதுதான் சரி. நான் இதோட இன்னொண்ணு சேர்த்தேன்: காயம்பட்டு திரும்பும்போது அவரு கத்துக்கிட்ட ஸ்கில்ல ஒண்ணு போய் ஒரு தழும்பு வரும், "வலது கை போச்சு, இனிமே குதிரைப்படைக்கு பலம் இல்ல" மாதிரி. ஆடினவங்க லோட் பண்ணி திரும்ப ஆடறது பாதியா குறைஞ்சுது, தழும்பு அவங்களுக்கு கதையாகிடுச்சு. நிரந்தரமா சாகடிச்சா எல்லாரும் சேவ் ஃபைலைத்தான் திறப்பாங்க, அதை தடுக்க நினைக்காதீங்க, முடியாது.

பக்கத்துல இருக்கற படைக்கு என்ன ஆகும்ங்கறது தனிக் கேள்வி. வரலாறு இதுல ஒரே பதில் சொல்லல. 949ல தக்கோலம் போர்ல சோழ இளவரசன் ராஜாதித்தன் யானை மேலயே கொல்லப்பட்டான், சோழப்படை கலைஞ்சு போச்சு. 1632ல லூட்சன் போர்ல ஸ்வீடன் ராஜா குஸ்தாவ் அடோல்ஃப் களத்துலயே செத்தாரு, ஆனா அவரு படை கலையல, இன்னொரு தளபதி பொறுப்பை எடுத்துக்கிட்டாரு, அன்னிக்கு களம் அவங்க கைலதான் நின்னுச்சு. ரெண்டுமே உண்மைன்னா உங்க கேம்லயும் ரெண்டுக்கும் வழி இருக்கணும். தளபதி விழுந்ததும் ரேடியஸ்குள்ள இருக்கற எல்லாருக்கும் மொரால் (மன உறுதி) பாதின்னு எழுதறது சோம்பேறித்தனம். அடுத்த கட்டளை அதிகாரி ரேடியஸ்குள்ள இருந்தா மொரால் கலையாது, மாறா ரெண்டு டர்னுக்கு ஆவேசம், இல்லன்னா சிதறல், இப்படி வைங்க. ரெண்டாவது ஆளை பக்கத்துலயே வெச்சிருக்கறதா, வேற முனைக்கு அனுப்பறதான்னு இன்னொரு தலை சொறியல் இலவசமா கிடைக்கும்.

எதிராளிக்கும் ஒரு ஆயுதம் குடுங்க. ஸ்ட்ராடெகோ போர்டு கேம்ல மார்ஷல்தான் பெரிய ஆளு, ஆனா ரொம்ப நோஞ்சானான ஸ்பை போய் முதல்ல அடிச்சா மார்ஷல் காலி, மார்ஷல் முதல்ல அடிச்சா ஸ்பை காலி. ஒற்றன், குறி பார்த்து சுடறவன், எதுவா வேணா இருக்கட்டும், தளபதிக்குன்னே பொறந்த ஒரு எமன் மேப்ல எங்கயோ இருக்கான்னு தெரிஞ்சாலே போதும்.

ஸ்கில், ப்ரமோஷன்

இதுல நான் ரொம்ப நேரம் செலவு பண்ண மாட்டேன், நீங்களும் பண்ணாதீங்க. ஆக்டிவா அமுக்கற ஸ்கில் ஒண்ணே ஒண்ணு போதும். நாலு பட்டன் குடுத்தா ஒண்ணைத்தான் அமுக்கப் போறாங்க. அந்த ஒண்ணும் தளபதியையே செலவு பண்ற மாதிரி இருந்தா ருசியே வேற: சிவ் 5ல ஜெனரலை கரைச்சு சிடாடல் கோட்டை கட்டலாம், பக்கத்துல வந்து நிக்கற எதிரிக்கு ஒவ்வொரு டர்னும் அடி விழும், சுத்தி இருக்கற நிலமும் நம்மது ஆகும், ஆனா ஜெனரல் போயிட்டாரு. சிவ் 6ல ரிடயர் பண்ணலாம், ஹன்னிபால் ஒரு யூனிட்டுக்கு ஒரு ப்ரமோஷன் லெவல் குடுத்துட்டு போவாரு. வெச்சுக்கறதா கரைக்கறதான்னு யோசிச்சே பாதி பேர் கடைசி வரைக்கும் வெச்சிருப்பாங்க, அதுவும் நல்ல ஆட்டம்தான்.

லெவல் ஏறும்போது பெரிய மரம் காட்டாதீங்க, ஹீரோஸ் 3 மாதிரி ரெண்டை மட்டும் நீட்டி ஒண்ணை எடுக்கச் சொல்லுங்க, மொத்தம் 8 ஸ்லாட்தான்னு மூடியும் போடுங்க. எல்லா தளபதியும் ஒரே மாதிரி முடியறதை இது தடுக்கும்.

ஏஐ கிட்ட தளபதியை குடுக்கும்போது

எல்லா கேம்லயும் நாறிப்போற இடம் இது. ஆடறவன் தளபதியை அழகா நிறுத்துவான், கம்ப்யூட்டர் தன் தளபதியை தன்னந்தனியா நடக்க விட்டு உங்க குதிரைக்காரன் வாயில குடுக்கும். தளபதியை கொல்றது எதிரி தந்த பரிசுன்னு ஆடறவன் நெனைக்க ஆரம்பிச்சா உங்க மொத்த டிசைனும் போச்சு. ஒட்டிக்கற வழில ஆரம்பிங்கன்னு மேல சொன்னது இதுக்காகத்தான், யூனிட்டை நகத்தத் தெரிஞ்ச ஏஐக்கு புதுசா ஒண்ணும் கத்துக்குடுக்க வேண்டாம், பலமான யூனிட்ல ஏத்துன்னு ஒரு வரி போதும்.

தனி யூனிட்தான் வேணும்னா, எல்லா யூனிட்டும் நகர்ந்த பிறகு கடைசியா தளபதியை நகத்துங்க, முன்னாடி நகத்தினா காலி இடத்துக்குத்தான் பலம் குடுத்துட்டு நிப்பாரு. போக முடியற ஒவ்வொரு கட்டத்துக்கும் மார்க் போடுங்க. ரேடியஸ்குள்ள இருக்கற நம்ம சண்டை யூனிட் ஒண்ணுக்கு 3, அடுத்த டர்ன்ல அந்த கட்டத்துக்கு வந்து அடிக்க முடியற எதிரி ஒண்ணுக்கு மைனஸ் 4, கூட நிக்க காவல் யூனிட் இல்லன்னா அந்த கட்டமே வேண்டாம். இந்த 3ம் 4ம் என் கேம் நம்பர், உங்களுக்கு வேற வரும், ஆனா மைனஸ் பக்கம் கொஞ்சம் பெரிசா இருக்கட்டும். ஆனா தளபதியை கடைசியா நகத்தினா, யூனிட்டுகள் அடிக்கும்போது போன டர்ன் இடத்துல இருந்துதான் பலம் வரும். அதனால ஏஐ யூனிட்டுகளை ரெண்டு சுத்தா பிரிச்சேன், முதல்ல எல்லாம் நகரும், அப்புறம் தளபதி, அப்புறம்தான் அடி. உங்க கேம்ல நகர்ந்த பிறகு அடிக்க முடியும்னா இது வேலை செய்யும்.

வெஸ்னாத் ஏஐல ஆக்ரஷன்னு ஒரு எண் இருக்கு, சாதா யூனிட்டுக்கு டீஃபால்ட் 0.4, தலைவருக்கு தனியா லீடர் ஆக்ரஷன், அதோட டீஃபால்ட் மைனஸ் 4. தன் பக்க நஷ்டத்தை எவ்ளோ பெரிசா எடுத்துக்கணும்ங்கறதுதான் அந்த எண், மைனஸ்ல போகப் போக தலைவர் தன் தோலை பத்தி ரொம்ப கவலைப்படுவாரு. ஒரே கோடை வெச்சுட்டு எண்ணை மட்டும் தளபதிக்கு மாத்தறது, சின்ன டீமுக்கு இதை விட சுலபமான வழி இல்ல. அதே எண்ணை வெச்சு ஆட்களுக்கு குணமும் குடுக்கலாம், ஒரு எதிரி தளபதிக்கு மைனஸ் 4, இன்னொரு முரட்டுத் தளபதிக்கு 0.5, அவரு பேரை கேட்டாலே ஆடறவங்க பொறி வெக்க ஆரம்பிச்சுடுவாங்க.

ஸ்கிரீன்ல காட்டறது

தளபதியை எடுத்து நகத்தற நேரத்துலயே, விடறதுக்கு முன்னாடியே, புது வட்டம் தெரியணும், அதுக்குள்ள வர்ற யூனிட் எல்லாம் மினுக்கணும், வெளிய போற யூனிட் மங்கணும். சண்டை முன்னோட்டத்துல "தளபதி +5"னு தனி வரியா எழுதுங்க, மொத்தத்துல கலந்து ஒரே எண்ணா காட்டாதீங்க, காட்டினா ஆறு மாசம் ஆடினவன் கூட தளபதி எதுக்குன்னு கேப்பான். அடி எண்ணிக்கை மாறுச்சுன்னா அதையும் காட்டலாம், "4 அடி" அப்படிங்கறதை அடிச்சுட்டு பக்கத்துல "3 அடி"ன்னு. எதிரி தளபதி வட்டத்தையும் காட்டுங்க, மறைக்கறதுல ஒரு லாபமும் இல்ல, ஆடறவன் கட்டம் எண்ணிட்டு உக்காந்திருப்பான், அவ்ளோதான். பலம் கூடாதுன்னு ரூல் வெச்சிருந்தீங்கன்னா ரெண்டு தளபதி வட்டம் ஒண்ணு மேல ஒண்ணு விழற இடத்துல கலரை அடர்த்தியாக்காதீங்க, அங்க பலம் ரெண்டு மடங்குன்னு நெனச்சு போய் நிப்பாங்க, என் கேம்ல நாலு பேர் நின்னாங்க.